வில்லைக் கீழே வைத்த கலைஞர்

கத்தலான் மொழியில் 'பாவ்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று பவுல் என்ற பெயர், மற்றொன்று அமைதி. ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியிலுள்ள எல் வெந்திரெல் என்னும் சிற்றூரில் 1876 டிசம்பர் 29 அன்று பிறந்த பாவ் கசால்ஸை உலகம் பாப்லோ என்றே அழைத்தது. தந்தை அவ்வூர்ப் பங்கு ஆலயத்தின் ஆர்கன் இசைஞர். இசையின் முதற்பாடங்களை மகன் அங்கேதான் பயின்றார்.

அவர் தேர்ந்த கருவி செலோ. வயலினின் மூத்த உடன்பிறப்பு போன்றது. முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இசைக்கப்படுவது. அக்காலத்தில் மாணவரின் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கச் செய்து, அது விழாதபடி வாசிக்கப் பழக்குவார்களாம். கசால்ஸ் அக்கையை விடுவித்தார். 1890-இல், 13 வயதில், பார்சலோனாவின் பழைய கடையொன்றில் பாஹ் இயற்றிய ஆறு தனிச்செலோத் தொகுப்புகளைக் கண்டெடுத்தார். வெறும் பயிற்சிப் பாடங்களாகக் கருதப்பட்டவை அவை. அவற்றுள் ஒன்றை முழுமையாக மேடையேற்றும் முன் 12 ஆண்டுகள் தனிமையில் பயின்றார் என்பதை எண்ணும்போது நமக்குத் துறவு மடங்களின் பயிற்சிக்காலமே நினைவுக்கு வருகிறது.

புகழும் செல்வமும் பெற்றபின் 1920-இல் பார்சலோனாவில் இசைக்குழுவொன்றை நிறுவினார். 1926-இல் தொழிலாளர்களுக்கென ஓர் இசை நிகழ்ச்சிச் சங்கமும் தோன்றியது. 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டது.

இங்கே எதையும் மறைத்து எழுதுதல் முறையன்று. குடியரசின் வசமிருந்த பகுதிகளில் ஏறத்தாழ 7,000 குருக்களும் துறவியரும் கொல்லப்பட்டனர், ஆலயங்கள் எரிந்தன. 1937 ஜூலையில் ஸ்பெயின் ஆயர்களில் மிகப் பெரும்பான்மையோர் கூட்டுமடல் வெளியிட்டுப் பிராங்கோவின் அணியை ஆதரித்தனர். தாரகோனாப் பேராயர் கர்தினால் விதால் இ பாராக்கேர் அதில் கையொப்பமிடவில்லை. நாடு திரும்ப இயலாமல் 1943-இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். மொன்செராத் மடத்துப் பாடகர்களுக்குப் புனித இசை இயற்றித் தந்த கசால்ஸோ குடியரசின் பக்கம் நின்றார். கொல்லப்பட்ட குருக்களுக்காகக் கண்ணீர் சிந்தும் நாம், வெற்றி பெற்ற படையின் சிறைகளையும் கொலைக்களங்களையும் காணாதிருந்தோர் திருச்சபையிலும் பலர் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

1939-இல் குடியரசு வீழ்ந்தது. கசால்ஸ் எல்லைக்கு அப்பால், பிரான்சின் பிராத் என்னும் ஊரில் தங்கி, முகாம்களில் அடைபட்டிருந்த கத்தலான் அகதிகளுக்கு உதவினார். உலகப்போர் முடிந்ததும் நேச நாடுகள் பிராங்கோவை அகற்றும் என நம்பினார், அகற்றவில்லை. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தரவிருந்த பட்டங்களை மறுத்தார். பின்னர் பொது மேடையில் வாசிப்பதையே நிறுத்தினார். செலோவைத் தவிர வேறு படையில்லாதவர் அதையும் கீழே வைத்தார். அதனால் பிராங்கோவின் ஆட்சி ஒரு நாளேனும் குறைந்ததாகத் தெரியவில்லை. பயன் நோக்கி எடுக்கப்பட்ட முடிவாக அதைக் காண்பது பொருந்தாது. கைவிடப்பட்டோர் அருகில் நிற்கும் ஒரு வழியாகவே நாம் அதைக் காண்கிறோம்.

அவர் உலகிடம் செல்லாததால் உலகம் அவரிடம் வந்தது. பாஹ் மறைந்து 200 ஆண்டுகள் நிறைந்த 1950-இல், வயலின் கலைஞர் அலெக்சாண்டர் ஷ்னைடரின் முயற்சியால், பிராத் நகரின் புனித பேதுரு ஆலயத்தில் இசைவிழா நடந்தது. அவர் மீண்டும் வில்லெடுத்தார்.

1961 நவம்பர் 13 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியின் முன் வாசித்தார். அமெரிக்காவோ பிராங்கோ அரசை ஏற்றிருந்த நாடு. கென்னடி என்ற மனிதர்மீது கொண்ட மதிப்பே காரணம் என்றார். அவ்விளக்கம் நமக்கு முழு நிறைவு தரவில்லை. ஆயினும் அவர் அங்குச் சென்றது அமைதியைப் பற்றிப் பேசவே. ஜுவான் அலவெத்ரா என்ற அகதிக் கவிஞர், கிறிஸ்து பிறப்புக் குடிலைப் பாடிய கவிதைக்குப் பிராத்தில் இசையமைக்கத் தொடங்கி, 1960-இல் மெக்சிகோவில் அரங்கேற்றிய 'எல் பெசெப்ரே' என்னும் படைப்பை அமைதிக்காகவே நாடு நாடாக எடுத்துச் சென்றார்.

தாய் பிறந்த புவெர்ட்டோ ரிக்கோவில் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1955-இல் ஓர் அடக்கச் சடங்கிற்காகச் சென்று திரும்பியது தவிர, தாயகத்தில் அவர் மீண்டும் வாழவில்லை. 1973 அக்டோபர் 22 அன்று, 96 வயதில் இறந்தார். பிராங்கோ 1975 நவம்பரில் மறைந்தார். 1979-இல் கசால்ஸின் உடல் கடல் கடந்து கொணரப்பட்டு, எல் வெந்திரெல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.