அன்னபூரணியைக் கட்டிய கைகள்

வல்வெட்டித்துறை என்றதும் 'அன்னபூரணி'யின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது நம்மவர் வழக்கம். பெருமைக்குக் காரணம் இல்லாமலில்லை. இவ்வூரிலே கட்டப்பட்ட அந்த 89 அடி நீளப் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டில் அது மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. வல்வை மாலுமிகளும் அதிற் சென்றனர்.

ஆயினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கட்டுவித்த மேத்திரியாரை ஊர் மறக்கவில்லை. அவரின் கீழ் வேம்பைத் தறித்தவன், மரத்தை அரிந்தவன், வங்குக்கால்களை நிறுத்திய ஓடாவி, பலகை இடுக்குகளைக் கலப்பற்றி நீர் புகாமல் அடைத்தவன் ஆகியோரை எந்த வரலாற்றில் தேடுவது? கப்பற் செல்வத்தால் எழுந்த சிவன் கோவிலைச் சொல்லும்போது வணிகர் வெங்கடாசலம்பிள்ளையின் பெயர் தானாக வருகிறது. அச்செல்வத்தை அலைமேற் சுமந்து வந்தவர்களின் பெயர் அவ்வாறு வருவதில்லை.

சுமந்தவை யாவை? இரங்கூனிலிருந்து அரிசி, மலையாளக் கரையிலிருந்து ஓடு. இங்கிருந்து திருவிதாங்கூருக்கு யாழ்ப்பாணப் புகையிலை. வாடைக்காலத்தில் வடகரைக் கடல் கொந்தளிக்கும், கப்பலோட்டம் ஓயும். ஓட்டம் ஓய்ந்தால் கூலியும் ஓயும். ஆண்கள் மாதக்கணக்கில் கடலில் இருக்க, கடன் வாங்கியும் அடைத்தும் அடுப்பை எரியவைத்தவர்கள் பெண்கள். கப்பற் பெருமை பேசும் மேடைகளில் இந்த அடுப்பைப் பற்றிப் பேச்சில்லை!

இத்தொழில் தானாக அழிந்ததன்று. நீராவிக் கப்பல் முதல் அடியைக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி இறக்குமதி அரசாங்கத்தின் கைக்குச் சென்றது. 1952 இல் சீனத்துடன் இறப்பர்-அரிசி உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. அவ்வுடன்படிக்கை நாட்டுக்கு நன்மை செய்தது என்பதில் நமக்கு ஐயமில்லை; எனினும் வடகரைப் பாய்க்கப்பலுக்கு அதில் இடமிருக்கவில்லை. 1948 இன் குடிவரவுச் சட்டமும் சுங்க விதிகளும், தலைமுறைகளாக நாகபட்டினத்துக்குச் சென்றுவந்தவனை அந்நியனாக்கின. நேற்றுவரை வாணிபம் எனப்பட்டதற்கு இன்று கள்ளக்கடத்தல் என்று பெயர். அதன் இலாபமும் தண்டையலுக்கும் கூலிக்காரனுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டதில்லை.

1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படையினர் இவ்வூரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றனர். வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வீடு எரிந்தால் பெட்டகமும் எரியும். பெட்டகத்தோடு பழைய கணக்கேடும் எரியும். எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு. ஓடாவியின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். பாட்டனார் எந்த உளியைக் கொண்டு எந்த மரத்தைச் செதுக்கினார், நாட்கூலி எவ்வளவு பெற்றார் என்று வீட்டிலே கேட்டு எழுதிவரும்படி அவர்களிடம் சொல்வதற்கு எந்தப் பாடத்திட்டமும் தடையாக இல்லை.