மின்ச் கடலின் குளிர்காலக் கப்பல்கள்

கடல் சூழ்ந்த தீவில் வாழ்வோருக்குக் கப்பலே பாதை. கப்பலே கடைத்தெருவைக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டி. ஊரைவிட்டுச் சென்ற பிள்ளைகள் வீடு திரும்பும் வழியும் அதுவே. கோடை நாட்களில் இவ்வுண்மை எவர் மனத்திலும் அவ்வளவாகத் தைப்பதில்லை. கடல் அமைதியுற்றிருக்க, உல்லாசப் பிரயாணிகள் மேல்தளத்தில் நின்று மலைகளையும் பறவைகளையும் கண்டு களிக்கும் வேளையில், கப்பல் ஒரு வசதியாகவே தோன்றும். குளிர்காலம் பிறந்த பின்னரே அது உயிர்நாடி என்பது விளங்கும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை அடுத்துள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளின் கப்பல் வரலாறு, நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இதனை எடுத்துக்காட்டி வருகிறது.

முதலில் அந்த நிலப்பரப்பை மனக்கண்முன் கொண்டுவருவோம். ஸ்காட்லாந்தின் கரையை ஒட்டி ஸ்கை, மல், ஐலா முதலிய தீவுகள் இருக்கின்றன. அவற்றுக்கும் அப்பால், அட்லாண்டிக் மாகடலுக்கு ஒரு வேலி கட்டினாற்போல் லூயிஸ், ஹாரிஸ், வட யூயிஸ்ட், தென் யூயிஸ்ட், பார்ரா என்னும் புறத்தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. லூயிஸ் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள கடலுக்கு மின்ச் என்று பெயர். நம் நாட்டில் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அத்தீவுகளில் அத்தகைய காற்று மார்கழியிலும் தையிலும் வீசுகிறது. அட்லாண்டிக்கில் உருவாகும் தாழ்வழுத்த மண்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதும். லூயிஸின் தலைநகரான ஸ்டோர்னோவேயில் டிசம்பர் இறுதியில் பகல் ஒளி ஆறரை மணி நேரத்தைத் தாண்டாது. எனவே குளிர்காலக் கப்பல் பெரும்பாலும் இருளிலேயே புறப்பட்டு, இருளிலேயே கரை சேரவேண்டும்.

இத்தீவுகளுக்கு ஒழுங்கான நீராவிக் கப்பல் போக்குவரத்து 1851ஆம் ஆண்டில் டேவிட் ஹட்சிசன் கம்பெனியின் கைக்கு வந்தது. அதன் கூட்டாளிகளில் ஒருவரான டேவிட் மக்பிரெய்ன் 1879இல் தம் பெயரிலேயே அதனை நடத்தலானார். அதன்பின் அப்பெயரும் தீவுகளும் பிரிக்கமுடியாதனவாயின. மேற்குத் தீவுகள் எல்லாமே மக்பிரெய்னின் சொத்து என்று மக்கள் வேடிக்கையாகப் பாட்டுக் கட்டும் அளவுக்கு அக்கம்பெனியின் ஆதிக்கம் ஓங்கியது.

அக்காலத்திலேயே கோடைக் கப்பல் வேறு, குளிர்காலக் கப்பல் வேறு என்ற பாகுபாடு இருந்தது. 1878இல் கட்டப்பட்ட ‘கொலம்பா’ என்னும் சக்கரக் கப்பல் முந்நூறு அடி நீளமுள்ளது. அதில் ஒரு தபாலாபீசும், முடிதிருத்தும் கடையுங்கூட இருந்தன. செல்வந்தர்கள் கிளாஸ்கோவிலிருந்து அதில் ஏறி விடுமுறைக்குச் செல்வார்கள். ஆனால் கோடை முடிந்தவுடன் அந்த மகாராணி துறைமுகத்தில் ஓய்வெடுக்கப் போய்விடுவாள். குளிர்கால மாதங்களில் தபாலையும், மாவு மூட்டையையும், ஆடுமாடுகளையும் சுமந்து அலைகளோடு போராடும் பணி சிறிய கப்பல்களுக்கே உரியதாயிற்று. லாபம் கோடையில் கிடைத்தது. கடமை குளிர்காலத்தில் காத்திருந்தது. அக்கடமையை நிறைவேற்றத் தபால் இலாகாவின் ஒப்பந்தப் பணமே பெருந்துணையாக இருந்தது.

துறைமுக வசதியும் அக்காலத்தில் சொற்பமே. பல தீவுகளில் கப்பல் கரையை அணுக இயலாது. அது சற்றுத் தொலைவில் நிற்க, கரையிலிருந்து ஒரு தோணி வந்து பிரயாணிகளையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும். அலை உயர்ந்தால் தோணி வராது. கப்பல் தபாலைக்கூட இறக்காமல் அடுத்த தீவுக்குச் சென்றுவிடும்.

குளிர்காலக் கப்பலே இல்லாத தீவின் கதி என்னவாகும் என்பதற்குச் செயிண்ட் கில்டா சான்று. புறத்தீவுகளுக்கும் மேற்கே, அட்லாண்டிக்கில் தனித்து நிற்பது அது. கோடையில் நீராவிக் கப்பல்கள் சுற்றுலாப் பிரயாணிகளைக் கொண்டுவரும். குளிர்காலத்திலோ மாதக்கணக்கில் எந்தத் தொடர்பும் இராது. அம்மக்கள் ஒரு சிறு மரத்துண்டைக் குடைந்து, அதனுள் கடிதத்தை வைத்து, மிதப்பதற்கு ஆட்டுத்தோல் பையைக் கட்டிக் கடலில் விடுவார்களாம். காற்றும் நீரோட்டமும் மனம் வைத்தால் அக்கடிதம் ஏதேனும் ஒரு கரையில் ஒதுங்கும். இளைஞர்கள் ஒவ்வொருவராய் வெளியேறினர். இறுதியில் எஞ்சியிருந்த 36 பேரும் தங்களை அழைத்துச் செல்லுமாறு அரசாங்கத்தை வேண்டினர். 1930 ஆகஸ்டு 29ஆம் நாள் அவர்கள் தீவைவிட்டு அகன்றனர். தலைமுறை தலைமுறையாய் மக்கள் வாழ்ந்த ஊர் அன்றோடு வெறுமையாயிற்று.

குளிர்காலக் கடலின் கொடுமையை லூயிஸ் மக்கள் மறக்கமுடியாத வகையில் அறிந்தது 1919ஆம் ஆண்டின் முதல் நாளில். முதல் உலகப் போர் முடிந்து ஏழு வாரங்களே ஆகியிருந்தன. கடற்படையில் பணிபுரிந்த தீவு வாலிபர்கள் புத்தாண்டுக்கு வீடு திரும்பப் பெருநிலத்துத் துறைமுகமான கைல் ஆப் லோகால்ஷில் வந்து குவிந்தனர். வழக்கமான தபால் கப்பலின் பெயர் ‘ஷீலா’. அதில் அனைவருக்கும் இடமில்லை. ஆகவே ‘அயலேர்’ என்னும் கடற்படைப் படகுக் கப்பலில் ஏறத்தாழ 280 பேரை ஏற்றி அனுப்பினர். நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில், ஸ்டோர்னோவே துறைமுக வாயிலை நெருங்கும் நேரத்தில், அக்கப்பல் பாறைகளில் மோதி உடைந்தது. கரை சில கஜ தூரத்தில்தான் இருந்தது. ஆயினும் அலையும் இருளும் விடவில்லை. ஜான் மக்லௌட் என்பவர் ஒரு கயிற்றோடு கரைக்கு நீந்திச் சேர்ந்ததால் ஏறத்தாழ நாற்பது பேர் பிழைத்தனர். 201 பேர் மாண்டனர். பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் வாழ்ந்து, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊர் திரும்பும் நேயர்களுக்கு, அடுப்பில் உணவைச் சுடவைத்துக் காத்திருந்த அவ்வீடுகளின் துயரத்தை விவரிக்க வேண்டியதில்லை.

அன்றிரவு ஷீலா பத்திரமாகக் கரை சேர்ந்தது. ஆனால் சரியாக எட்டு ஆண்டுகள் கழித்து, 1927ஆம் ஆண்டின் முதல் நாள் அதிகாலையில், அக்கப்பலும் டாரிடன் வளைகுடாவின் வாயிலருகே பாறையில் ஏறி அழிந்தது. நல்வினைப் பயனாக உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டில் மக்பிரெய்ன் கம்பெனி மேலும் இரு கப்பல்களை இழந்தது. கப்பல்கள் பழையன, வருமானம் போதாது. 1928இல் தபால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவேண்டிய தருணத்தில் கம்பெனி பின்வாங்கியது. தீவுகளுக்குக் கப்பலே ஓடாதோ என்ற அச்சம் எழுந்து, விவகாரம் பார்லிமெண்டில் விவாதிக்கப்பட்டது. முடிவில் ஒரு ரயில்வே கம்பெனியும் ஒரு கப்பல் கம்பெனியும் பாதிப் பாதியாகப் பொறுப்பேற்றன. புதிய கப்பல்களைக் கட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு அரசாங்கம் மானியம் அளித்தது. குளிர்காலக் கப்பலைத் தனியார் லாபத்தை மட்டும் நம்பி விடலாகாது என்ற கொள்கை அப்போது வேரூன்றியது எனலாம்.

அடுத்து வந்தது மோட்டார் வண்டியின் யுகம். அதுவரை ஒரு காரைத் தீவுக்குக் கொண்டுபோக வேண்டுமாயின், வலையிலும் கயிற்றிலும் கட்டி, பாரந்தூக்கியால் உயர்த்திக் கப்பலுக்குள் இறக்கவேண்டும். காற்றில் கார் ஊஞ்சலாடுவதைக் கண்டு அதன் உடையவர் கைபிசைந்து நிற்பார். வண்டிகள் தாமே ஓடி ஏறி, ஓடி இறங்கும் கப்பல் இதற்கு மாற்றாக வந்தது. ஆனால் அதில் ஓர் ஆபத்தும் மறைந்திருந்தது. வண்டி ஏறும் கதவு பெரிதாக இருக்கவேண்டும். வண்டி நிற்கும் தளம் தடுப்புச் சுவர் இன்றி நீண்டு பரந்திருக்கவேண்டும். அக்கதவு உடைந்து கடல் உள்ளே புகுந்தால் நீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கப்பலைக் கவிழ்த்துவிடும்.

1953 ஜனவரி 31ஆம் நாள் அதுவே நிகழ்ந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்டிரான்ரேயரிலிருந்து அயர்லாந்தின் லார்னுக்குப் புறப்பட்ட ‘பிரின்சஸ் விக்டோரியா’ என்னும் கார்க் கப்பலின் பின்கதவுகளை அலைகள் உடைத்தன. கம்பியில்லாத் தந்தி அதிகாரி டேவிட் பிராட்புட், கப்பல் மூழ்கும்வரை தம் இருக்கையை விட்டு அகலாது உதவி கோரிச் செய்தி அனுப்பிக்கொண்டேயிருந்தார். அவருக்கு மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. மாண்டவர் 130 பேருக்கு மேல். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பின்கதவுகள் போதிய வலிமையற்றவை என்றும், தளத்தில் புகுந்த நீர் வெளியேறத் தக்க வழியில்லை என்றும் விசாரணையில் வெளியாயிற்று.

இத்தகைய அனுபவங்களின் பின்னணியில்தான் ஹெப்ரிடீஸுக்குக் கார்க் கப்பல்கள் வந்தன. 1960இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அரசாங்கமே கப்பல் கட்டி, மக்பிரெய்ன் கம்பெனிக்கு வாடகைக்கு விட வழி ஏற்பட்டது. 1964இல் ‘ஹெப்ரிடீஸ்’, ‘கிளான்ஸ்மன்’, ‘கொலம்பா’ என்ற மூன்று கப்பல்கள் கடலில் இறங்கின. ஒவ்வொன்றும் 600 பிரயாணிகளையும் ஏறத்தாழ 50 கார்களையும் ஏற்க வல்லது. கார்கள் பக்கவாட்டிலிருந்த தூக்குமேடை வழியாக உள்ளே இறங்கின. அதனால் கடல்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் பழைய துறைகளையே பயன்படுத்த முடிந்தது. 1973 ஜனவரி முதல் நாள், கிளைடு ஆற்று முகத்துக் கப்பல் கம்பெனியும் மக்பிரெய்னும் இணைந்து ‘கலிடோனியன் மக்பிரெய்ன்’ உருவாயிற்று. இன்று 30க்கு மேற்பட்ட கப்பல்களைக் கொண்ட அந்நிறுவனம் ஸ்காட்லாந்து அரசாங்கத்துக்கு உரியது. அவ்வாண்டிலேயே ஸ்டோர்னோவேயின் எதிர்த்துறையாக உல்லாபூல் தேர்ந்தெடுக்கப்பட்டு, கடற்பயணத்தின் தூரம் குறைந்தது.

கப்பல் பெரிதாகிவிட்டபடியால் குளிர்காலத் தொல்லை தீர்ந்துவிட்டதோ எனில், இல்லை. கப்பலின் பக்கங்கள் உயர உயர, அவை பாய்மரம் போலக் காற்றை வாங்குகின்றன. நடுக்கடலைக் கடப்பது அவ்வளவு அரிதன்று. குறுகிய துறையில் குறுக்குக் காற்றை எதிர்த்துக் கப்பலை நிறுத்துவதே அரிது. கோல், டைரீ போன்ற தீவுகளின் துறைகள் சில திசைக் காற்றுக்குத் திறந்து கிடக்கின்றன. ஆரன் தீவுக் கப்பலுக்குரிய ஆர்ட்ராசன் துறைமுகத்தின் வாயில் ஒடுக்கமானது. புயல் வேளைகளில் கப்பல் கூராக் துறைக்குத் திருப்பப்படுவதுண்டு. லாரிகளைத் தளத்தோடு சங்கிலியால் பிணைக்கிறார்கள். கப்பலைச் செலுத்துவதா, நிறுத்துவதா என்ற முடிவு காப்டனுடையது. துறையில் காத்திருப்போர் முணுமுணுக்கலாம். ஆனால் அயலேரையும் பிரின்சஸ் விக்டோரியாவையும் அறிந்த கடலோர மக்கள் அந்த அதிகாரத்தின் அருமையையும் அறிவர்.

மற்றொரு மாறுதலையும் இங்கே கவனிக்கவேண்டும். முற்காலத் தீவுவாசி மழைக்காலத்துக்கு எறும்பு சேர்ப்பதுபோல் மாவும், உப்பிட்ட மீனும், எரிக்கும் கரிமண்ணும் சேர்த்து வைத்திருப்பார். கப்பல் ஒரு வாரம் வராவிடினும் அடுப்பு எரியும். இன்றோ ரொட்டியும் பாலும் காய்கறியும் லாரியில் ஏறிக் கப்பல் வழியே கடைக்கு வருகின்றன. கப்பல் இரண்டு மூன்று நாள் நின்றால் கடையின் அலமாரிகள் வெறிச்சோடும். உயிரோடு ஏற்றுமதியாகும் சிங்கி இறால்களும் நண்டுகளும் துறையிலேயே கெடும். கப்பல் வசதி பெருகியதால் கப்பலை நம்பியிருத்தலும் பெருகிவிட்டது.

இதற்கிடையில் ஒரு விசித்திரமான நெருக்கடி ஒவ்வோராண்டும் தலைதூக்குகிறது. பிரயாணிகள் கப்பல் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு உட்பட்டுச் சான்று பெறவேண்டும். கோடையில் கூட்டம் மிகுதியாதலால் இதனைக் குளிர்காலத்தில்தான் செய்யமுடியும். ஒரு கப்பல் உலர்துறைக்குச் சென்றால், அதனிடத்துக்கு வேறொரு தடத்துக் கப்பல் வரவேண்டும், அதனிடத்துக்கு இன்னொன்று. சதுரங்கக் காய்களை நகர்த்துவதுபோல் இந்த ஏற்பாடு நடக்கிறது. கடல் மிகக் கொடிதாயிருக்கும் மாதங்களில்தான் கைவசமுள்ள கப்பல்கள் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்று பழுதடைந்தாலும் பல தீவுகள் தவிக்கின்றன.

1993இல் கட்டப்பட்ட ‘கலிடோனியன் ஐல்ஸ்’ 2024 ஜனவரியில் வழக்கமான சீரமைப்புக்குச் சென்றபோது, அதன் எஃகு எதிர்பார்த்ததைவிட மிகுதியாக அரித்திருப்பது தெரியவந்தது. ஓராண்டு கடந்தும் அது பிரயாணிகளை ஏற்றவில்லை. அதே ஆரன் தடத்துக்காக 2015இல் கட்டளையிடப்பட்ட ‘கிளென் சானக்ஸ்’ 2018இல் வந்திருக்கவேண்டியது. 2025 ஜனவரியில்தான் சேவைக்கு வந்தது. கப்பலை உரிய காலத்தில் புதுப்பிக்காமல் ஒத்திப்போட்டால், அந்தச் சிக்கனத்தின் விலையைக் குளிர்கால நாளொன்றில் துறையில் காத்து நிற்கும் தீவுவாசி செலுத்தவேண்டியிருக்கிறது. 1927இன் பாடமும் இதுவே, 2024இன் பாடமும் இதுவே.

குளிர்காலத்தில் பாதி காலியாகச் செல்லும் கப்பலுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுதல் வீண் என்று வாதிப்போர் எக்காலத்திலும் உண்டு. கணக்கேட்டை மட்டும் பார்த்தால் அவர்கள் வாதம் நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்தக் கப்பலில் செல்பவர் சிலரே ஆயினும், அது வரும் என்ற நம்பிக்கையில் தீவில் வாழ்பவர் பல்லாயிரவர். ஆசிரியர் அங்கே பள்ளிக்கு வருவதும், வணிகர் கடை திறப்பதும், இளந்தம்பதிகள் வீடு கட்டுவதும் அந்த நம்பிக்கையினால்தான். அந்த நம்பிக்கை அறுந்த இடத்தில் கல்வீடுகள் மட்டும் கூரையின்றி நிற்கும் என்பதைச் செயிண்ட் கில்டாவின் கரை இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது.