லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் போல்ட் தலை

லீ-என்ஃபீல்டு ரைஃபிளில், தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உருளையான போல்ட்டின் முன்முனையில் மரையால் திருகிப் பொருத்தப்படும் சிறு எஃகு உறுப்பு போல்ட் தலை. தோட்டாவைப் பின்னிருந்து தாங்குவதும், சுட்ட உறையை இழுக்கும் கொக்கியைச் சுமப்பதும் இதுவே. ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த இயக்கமுறையைக் கொண்டு பிரிட்டன் 1895-இல் ஏற்ற இந்த ரைஃபிள், இந்தியக் காவல்துறையினர் வாயில் ‘த்ரீ நாட் த்ரீ’. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில்தான் அதற்கு விடைகொடுத்தது.

மவுசர் ரைஃபிளில் போல்ட்டும் அதன் முகப்பும் ஒரே துண்டு. போல்ட்டைப் பூட்டும் புடைப்புகளான ‘காதுகள்’ முன்பக்கம் இருக்கும். லீயின் அமைப்பில் காதுகள் பின்னால் உள்ளன. அதனால் தலையைத் தனியே கழற்றி மாற்ற முடிகிறது.

இந்த மாற்றத்தின் பயன் ‘ஹெட்ஸ்பேஸ்’ எனப்படும் இடைவெளியில் தெரியும். .303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு குழலின் பின்முகத்துக்கும் போல்ட் தலைக்கும் நடுவே நிற்கிறது. பிரிட்டிஷ் ராணுவ அளவுப்படி இந்த இடைவெளி 0.064 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 0.074 அங்குலத்தை எட்டவும் கூடாது. அதாவது ஏறக்குறைய 1.63 மில்லிமீட்டர் முதல் 1.88 வரை. படையின் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர், கொக்கியைக் கழற்றிவிட்டு, விரல் பாரத்தில் மட்டும் போல்ட்டை மூடிப் பார்ப்பார். இந்த அளவுகளுக்கான கேஜ்கள் எனும் அளவுக்கட்டைகளில் சிறியதன்மேல் மூட வேண்டும். பெரியதன்மேல் மூடக் கூடாது. கைப்பிடியை அழுத்தினால் சோதனைக்கே பொருளில்லை.

இடைவெளி கூடினால் நடப்பது இது: வெடிக்கும்போது உறையின் மெல்லிய முன்பகுதி உப்பி அறைச்சுவரைப் பற்றிக்கொள்ளும். தடித்த அடிப்பகுதி பின்னோக்கித் தள்ளப்படும். நடுவில் பித்தளை இழுபட்டு மெலியும். சுட்டு விழுந்த உறையின் அடியிலிருந்து ஒரு விரலகலத்துக்குள் பளபளப்பான வளையம் ஒன்று ஓடினால் அதுவே எச்சரிக்கை. முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் அதே இடத்தில் பள்ளம் தட்டுப்படும். மறுபடி மருந்திட்டுப் பயன்படுத்தும் உறைகளில் இது விரைவில் வரும். உறை அங்கே துண்டானால் முன்பாதி அறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். சூடான வாயு சுடுபவரின் முகத்துப் பக்கமும் சீறலாம்.

லீ-என்ஃபீல்டின் இரண்டாம் உலகப்போர்க் கால வகையான நம்பர் 4 ரைஃபிளுக்கு 0, 1, 2, 3 என எண்ணிட்ட தலைகள் வந்தன. எண் ஏற ஏறத் தலை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு நீளும். அதற்கு முந்தைய லீ-என்ஃபீல்டு வகையான எஸ்.எம்.எல்.ஈ. ரைஃபிளுக்கு அந்த வசதி இல்லை. ஆர்மரர் பலவற்றைப் போட்டுப் பார்த்து, நீண்டதைத் தேய்த்துப் பொருத்தினார். இரண்டின் தலைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தா.

எண் முறை சிக்கனமானதுதான். ஆனால் தலையிலுள்ள எண் அந்த உறுப்பின் நீளத்தைச் சொல்லுமே தவிர, துப்பாக்கியின் நிலையைச் சொல்லாது. தேய்வது பெரும்பாலும் தலையல்ல, பின்னாலுள்ள காதுகளும் அவை அமரும் இடங்களும். எண்ணெய் படிந்த தோட்டாக்களைச் சுட்டால் உறை சுவரைப் பற்றாமல் வழுக்கி, அந்தக் காதுகளை இன்னும் பலமாகத் தாக்கும். இடைவெளி மறுபடி மறுபடி விரிந்துகொண்டே போகும் துப்பாக்கிக்கு நீளமான தலையைத் திருகுவது நோயை மறைக்கும் வேலை. சேகரிப்பாளர்கள் 3-ஆம் எண் தலையைத் தேடி அலைவதில் பாதி இந்த மயக்கமே. போல்ட்டை முழுதாக மாற்றினால், இரு காதுகளும் சமமாக அமர்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். போல்ட்டிலும் உடலிலும் ஒரே எண்ணைப் பொறித்து வைத்ததன் காரணம் இதுவே.

அமெரிக்காவின் சாவேஜ், கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலைகள் செய்த நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் வகையில் வேறொரு தொல்லை உண்டு. போல்ட் தலையைக் கழற்றுவதற்காக அது ஓடும் தடத்தில் வெட்டிய பள்ளத்தின் ஓரம் உடைந்து, தலை தடத்தைவிட்டு எகிறும். புதுத் தலை போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. கெட்டது துப்பாக்கியின் உடல்.

மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ஆலை உருவாக்கிய 2ஏ1 ரைஃபிள் பார்வைக்கு எஸ்.எம்.எல்.ஈ. போலவே இருந்தாலும் 7.62 மில்லிமீட்டர் நேட்டோ தோட்டாவுக்கானது. விளிம்பில்லாத அந்தத் தோட்டாவின் இடைவெளி தோள்பட்டையிலிருந்து அளக்கப்படுவதால் .303 கேஜ்கள் அதற்கு உதவா. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கி பழுதுபார்ப்பதையும் சோதிப்பதையும் உரிமம் பெற்றவர்களுக்கே விடுகிறது.