கடன் கொடுத்தோர் கண்ட வறுமை

வறுமையைப் போக்கக் கடன் கொடுப்போர் முதலில் வறுமையை அளக்க வேண்டியவராகின்றனர். எதைக்கொண்டு அளந்தனர் என்பதைப் பொறுத்தே யாருக்குக் கைகொடுத்தனர் என்பதும் அமைந்துவிடுகின்றது. நம் ஜொகூர் மாநிலத்தின் அண்மைக்கால வரலாறு இதற்கு ஒரு சான்றாகும்.

1954-ஆம் ஆண்டில் உலக வங்கியின் ஆய்வுக்குழு ஒன்று மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. மறு ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை இரப்பர் மறுநடவைப் பெரிதும் வலியுறுத்திற்று. உற்பத்தி பெருகினால் வறுமை தானே விலகும் என்பது அக்காலப் பொருளியலார் பலரின் கருத்து. விடுதலைக்கு மறு ஆண்டான 1958-இல் வங்கி நமக்கு அளித்த முதற்கடன், 3 கோடியே 56 இலட்சம் அமெரிக்க டாலர், கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்குச் சென்றது. ஏழையின் குடிசை அந்நாளில் கணக்கேட்டில் இடம்பெறவில்லை.

பிறகு பார்வை மெல்ல மாறிற்று. 1965-இல் கெடாவின் மூடா நீர்ப்பாசனத்துக்கும், 1968-இல் பகாங்கின் ஜெங்கா நிலக் குடியேற்றத்துக்கும் கடன் வந்தது. 1973 செப்டம்பரில் நைரோபியில் பேசிய வங்கித் தலைவர் இராபர்ட் மக்னமாரா, மனிதத் தன்மைக்கே ஒவ்வாத கொடிய வறுமையைத் தனியே பிரித்துக் காட்டி, சிற்றுழவர்க்கு உதவுவதே இனித் தம் வங்கியின் கடமை என்றார். 1974-இல் ஜொகூர் நிலக் குடியேற்றத் திட்டத்துக்கு 4 கோடி டாலர் கடன் கிடைத்தது. அதற்கு ஈராண்டுக்கு முன், 1972-இல், தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமாகிய கெஜோரா அமைக்கப்பட்டிருந்தது. கோத்தா திங்கி வட்டாரத்தில் காடு திருத்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டது.

இத்தகைய திட்டத்தை வங்கியினர் ஆராயும் முறை அறியத்தக்கது. மண்ணின் தன்மை, மழையளவு, சாலைச் செலவு, செம்பனை எண்ணெயின் வருங்கால விலை ஆகியவற்றைக் கணித்து, இட்ட முதல் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு ஈட்டும் என்று காண்பர். அதன்பின் ஒரு குடியேறியின் குடும்பம் என்ன வருமானம் பெறும் என்று பார்ப்பர். நிலமற்றவருக்கு ஏறத்தாழ 10 ஏக்கர் தோட்டமும் ஒரு வீடும் தந்து, செலவை விளைச்சலிலிருந்து தவணையாகப் பிடித்துக்கொள்வது அந்நாளில் பெல்டாவின் வழியாக இருந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் இதனால் நிமிர்ந்தன. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆயினும் குடியேறியோருள் மிகப் பெரும்பாலோர் மலாய்ச் சிற்றூரார்; தோட்டத் தமிழர் மிகச் சிலரே. இதற்கு அரசியற் காரணங்கள் உண்டு. அவற்றோடு அளவுகோலும் ஒரு காரணமாயிற்று என்பது என் துணிபு. 1970-ஆம் ஆண்டுக் கணக்கின்படித் தீபகற்ப மலேசியாவில் வறிய குடும்பங்கள் 49.3 விழுக்காடு. நெல் பயிரிடுவோரிடையே அது 88.1; தோட்டத் தொழிலாளரிடையே 40.0. எண்களை மட்டும் காண்போர், தோட்டத்தார் நிலை தாழ்வில்லை என்றே கொள்வர். கூலி உண்டு, லயத்தில் வீடு உண்டு, பள்ளியும் உண்டு. ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். நெல் உழவனிடம் பணம் இல்லை, ஆனால் பலருக்குக் காலூன்ற ஓர் இடமேனும் இருந்தது. வருமானத்தை மட்டும் எண்ணும் கணக்கில் இவ்வேறுபாடு புலப்படாது.

அந்த அச்சம் வெறுங்கற்பனை அன்று. 1950-களில் வெள்ளைக்காரக் குழுமங்கள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாயின. தொழிலாளர் வேலையும் உறைவிடமும் இழந்தனர். இத்துண்டாடலை ஆராய்ந்து எழுதியவர் ஜொகூர் அரச மரபினரான பேராசிரியர் உங்கு அசீஸ். கைலிக் கணக்கால் புகழ்பெற்றவரும் அவரே. ஒரு வீட்டிலுள்ள ஆட்களின் தொகையோடு அங்குள்ள கைலிகளின் தொகையை ஒப்பிட்டால் அவ்வீட்டின் ஏழ்மை விளங்கும் என்றார். சிரிப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் வருமானம் எவ்வளவு என்று கேட்டால் கூச்சத்தாலோ அச்சத்தாலோ மாற்றிச் சொல்லும் குடியானவன், கொடியில் உலரும் கைலியை மறைப்பதில்லை. ஆசிரியப் பயிற்சி மாணவரிடம் இதைக் கூறும்போதெல்லாம், தோட்டத்து லயத்துக்கு ஏற்ற கைலி எது என்று வினவுவது என் வழக்கம். ஒருவர் தண்ணீர்க் குழாயைச் சொன்னார். இன்னொருவர் பிள்ளை அடுத்த ஆண்டும் அதே பள்ளியில் இருப்பானா என்பதைச் சொன்னார். இரண்டாவது விடை எந்த வங்கி அறிக்கைக்கும் தாழ்ந்ததன்று.

துண்டாடலுக்கு விடையாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி வீதம் பால்வெட்டுத் தொழிலாளர் சேர்த்த பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. முதலாவது, 1961-இல், கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். வெளிநாட்டு ஆய்வுக்குழு எதுவும் இவர்களுக்கு வறுமைக்கோடு வரைந்து தரவில்லை. தங்கள் வறுமை காலடி நிலம் இல்லாமையே என்று இவர்கள் அறிந்திருந்தனர். எல்லாத் தோட்டங்களையும் காக்க அந்தப் பத்து வெள்ளியால் இயலவில்லை என்பதும் உண்மை. பின்னாளில் ஜொகூர் பாருவைச் சூழ்ந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின.

வங்கியும் தன் கோலை மாற்றிக்கொண்டே வந்தது. 1990-இல் நாளொன்றுக்கு 1 டாலர் என்ற கோடு, 2025-இல் 3 டாலராயிற்று. இடையே, 2000-ஆம் ஆண்டையொட்டி, 60 நாடுகளில் ஏறத்தாழ 60,000 ஏழைகளின் வாய்மொழியைத் தொகுத்தபோது, வருமானக் குறைவோடு நிலையின்மையையும் சொல்லுக்கு மதிப்பின்மையையும் அவர்கள் வறுமை என்று கூறக் கேட்டது. லயத்தில் வாழ்ந்தோர் 1960-லேயே உணர்ந்தது இதுதான்.

நம் நாட்டுக் கோடும் 2020 சூலையில் திருத்தப்பட்டது. மாதம் 980 வெள்ளியாக இருந்த குடும்ப வறுமைக்கோடு 2,208 வெள்ளியாயிற்று. 2016-ஆம் ஆண்டின் வறுமை 0.4 விழுக்காடு என்று முன்பு அறிவிக்கப்பட்டிருந்தது. புதிய கோட்டின்படி அதே ஆண்டுக்கு அது 7.6 விழுக்காடு. அதே ஆண்டு, அதே மக்கள், அதே அடுப்பு. உதவிநிதி விண்ணப்பங்களில் குடும்ப வருமானம் என்னும் கட்டத்தைச் சரிபார்க்கும் ஆசிரியர், 980-க்குச் சற்று மேல் இருந்தமையால் ஏழையல்லர் எனப்பட்ட அந்தக் குடும்பங்கள் எவை என்பதைப் பெயர் சொல்லியே அறிவர்.