பிள்ளையார் முன் குவிந்த கோடரிகள்

ஏற்காட்டுக்குச் செல்பவர்கள் ஏரியையும் பகோடா முனையையும் பார்த்துவிட்டு மலையிறங்கிவிடுகிறார்கள். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் பக்கம் போகிறவர்கள் மிகச் சிலரே. ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தி அங்குதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் 1858இல் சேர்ந்து, 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தவர் அவர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாக அந்த நாளையே சொல்வது வழக்கம். ஓய்வுக்குப்பின் ஏற்காட்டில் வாழ்ந்த அவர், 1912இல் கல்கத்தாவில் மறைந்தார்.

அவருடைய மாமனாரை இலக்கிய வாசகர்கள் அறிந்திருப்பார்கள். பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். அவரும் 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார். மாமனார் பழமொழிகளைச் சேகரித்தார், மருமகன் கல்லாயுதங்களைச் சேகரித்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் பொருத்தம். இரண்டுக்கும் உள்ள சிக்கலும் ஒன்றுதான்: எப்போது பிறந்தது என்ற குறிப்பு எதன்மீதும் இருப்பதில்லை.

சேர்வராயன் மலையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதலானது. இங்கே கிடைத்தவை பெரும்பாலும் புதிய கற்கால மெருகேற்றிய கோடரிகள். கரிய, இறுகிய கல்லைச் சில்லுபெயர்த்து உருவாக்கி, கொத்திச் சீராக்கி, பிறகு பாறையில் தேய்த்து வாய்ப்பகுதியைக் கூராக்கியிருக்கிறார்கள். இவற்றை முதலில் சேகரித்தவர்கள் வெள்ளையர்கள் அல்லர். மலையாளிகள் என்றழைக்கப்படும் மலைவாழ் மக்கள் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) நிலத்தில் கிடைத்த இந்த வழவழப்பான கற்களைப் புனிதமெனக் கருதிப் பிள்ளையார் முன்னும் சிறு கோயில்களிலும் கொண்டுவந்து வைத்தார்கள். ஜவ்வாது மலையிலும் இவ்வழக்கம் உண்டு. கோயில்களில் இப்படிக் குவிந்திருந்த கோடரிகளைப் பற்றி ஃபூட் தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

பக்தர்களுக்கு அது காணிக்கை. காலத்தைக் கணிக்க முயல்பவருக்கோ பெருந்தடை. எந்த நிலத்தில், எவ்வளவு ஆழத்தில், எதனோடு சேர்ந்து ஒரு கோடரி கிடந்தது என்பது கோயில் வாசலை அடைவதற்குள் அழிந்துவிடுகிறது. ஒரே குவியலில் கிடப்பவை ஒரே தலைமுறையின் கைவேலையா, ஆயிரம் ஆண்டு இடைவெளி கொண்டவையா என்று அந்தக் கற்களிடம் கேட்டுப் பயனில்லை.

ஃபூட்டின் காலத்தில் கரிமக் காலக்கணிப்பு கிடையாது. அது 1949இல்தான் வந்தது. அவர் கையில் இருந்தவை இரண்டு அளவுகோல்கள். ஒன்று செய்நேர்த்தி: பழைய கற்காலத்துக் கருவிகள் குவார்ட்சைட்டில் சில்லுபெயர்த்துச் செய்தவை, பிற்காலத்தவை தேய்த்து மெருகிட்டவை. இன்னொன்று புவியியலாளருக்கே உரிய மண்ணடுக்கு அறிவு. எது முன், எது பின் என்று அவற்றால் சொல்ல முடிந்தது. ஆண்டுக்கணக்கைச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு பொருளும் எங்கே கிடைத்தது என்று அவர் குறித்து வைத்தார். 1904இல் அந்தச் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. விரிவான அட்டவணை நூல்கள் அவர் மறைவுக்குப்பின் 1914இலும் 1916இலும் வெளிவந்தன. அந்த இடக்குறிப்புகளைக் கொண்டுதான் அடுத்த நூற்றாண்டின் ஆய்வாளர்கள் மறுபடியும் களத்துக்குச் செல்ல முடிந்தது.

சென்னை அருங்காட்சியகத்திலேயே இதற்கு நேரெதிரான ஒரு சேகரிப்பும் இருக்கிறது. 1855இல் இரண்டாம் சிவாஜி வாரிசின்றி இறந்தபின் தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று, ஆயுதசாலை கலைந்தது. அதிலிருந்து வந்த கட்டாரிகள் அழகில் ஈடிணையற்றவை. முழங்கையை நோக்கி நீளும் இரு பக்கக் கம்பிகள், நடுவே குறுக்குப்பிடி, முன்னால் யாளிமுகமும் கைக்கவசமும். ஆனால் பலவற்றின் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்த வாளை வெட்டிப் பொருத்தியது. அலகின் வயது ஒன்று, பிடியின் வயது வேறொன்று. ஐரோப்பியக் கொல்லர்களின் முத்திரையை நம்பலாமென்றால், புகழ்பெற்ற முத்திரைகளைப் போலி செய்யும் வழக்கமும் அக்காலத்திலேயே இருந்தது. பிடியின் சிற்ப வேலைப்பாட்டைக் கோயில் தூண்களோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டைச் சுட்டுவதோடு அறிஞர்கள் நின்றுகொள்கிறார்கள். அதுவே நேர்மையான வழி. ஏலப் பட்டியல்களில் துணிவோடு அச்சிடப்படும் ஆண்டுகளைக் காணும்போது எனக்கு ஐயமே மிஞ்சுகிறது.

சேலம் மாவட்டத்திலேயே அண்மையில் வேறொரு ஆயுதம் தன் வயதைச் சொல்லியிருக்கிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய தெலுங்கனூரில் பெருங்கற்காலப் புதைகுழிகள் இருக்கின்றன. அங்கு கிடைத்த வாள் மிகுகரிம எஃகினால் ஆனது. எஃகாக்குவதற்குச் சேரும் கரிமம் அடுப்புக்கரியிலிருந்து வருவது. அதாவது ஒரு காலத்தில் உயிரோடு நின்ற மரத்திலிருந்து. ஆகவே இரும்பினுள் இருக்கும் கரிமத்தையே அளந்து பார்க்கலாம். முடிவு பொ.ஆ.மு. 15 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சுட்டியது. இதிலும் எச்சரிக்கை தேவை. கரியான மரம் வாளைவிட மூத்ததாக இருக்கக்கூடும். ஆனாலும் புதைகுழி, உலோகம், அளவீடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கட்டாரிக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

கல்லில் அளக்கக் கரிமம் இல்லை. திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960களில் மத்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, இரும்புக்காலத்துக்குக் கீழே ஒரு புதிய கற்கால அடுக்கு வெளிப்பட்டது. கரித்துண்டின் மூலம் அது பொ.ஆ.மு. இரண்டாயிரமாண்டுக் காலப்பகுதியைச் சேர்ந்தது எனத் தெரிந்தது. சேர்வராயன் கோடரிகளின் வயதை இன்று கணிப்பது இத்தகைய ஒப்பீட்டால்தான். பிள்ளையார் முன் வைத்தவர்கள் எந்த வயலில் அவற்றை எடுத்தார்கள் என்பதை யாரும் அவர்களிடம் கேட்டு எழுதி வைத்திருந்தால், ஒப்பீட்டோடு நின்றுவிடாமல் அந்த வயலைத் தோண்டியே பார்த்திருக்கலாம்.