ஒரு படைவீரரின் விண்ணப்பம்

வரலாறு என்றவுடன் மன்னர்களின் பெயர்களும் போர்களின் ஆண்டுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மன்னரைப் பற்றியதன்று. ஒரு முதியவரின் விண்ணப்பத்தைப் பற்றியது. அதனை அவருக்காக எழுதியவன் நான். அதில் நான் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்லுவேன். வரலாற்றுச் சான்று என்பது இன்னதென்று அப்பிழையே எனக்குக் கற்பித்தது.

திருச்செந்தூருக்குத் தென்மேற்கே, செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த ஊர் உடன்குடி. அதன் கருப்பட்டியை அறியாதவர் தென்னாட்டில் இலர். 1983-ஆம் ஆண்டில் அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே நான் இளம் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், ஒரு மாலைப்பொழுதில் முதியவர் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். "வாத்தியாரையா, எனக்கு ஒரு மனு எழுதித் தாங்க" என்றார். "யாருக்கு, பாட்டையா?" என்றேன். "பட்டாளத்துக்கு" என்றார்.

அவர் 1942-இல் இராணுவத்தின் பயோனியர் படையிற் சேர்ந்தவர். துப்பாக்கி ஏந்திப் போரிடுவதைவிடச் சாலை அமைப்பதும், பாலம் கட்டுவதும், சுமை ஏற்றி இறக்குவதுமே அப்படையின் முதன்மையான வேலை. 1944-இல் ஜப்பானியப் படை இம்பாலையும் கொஹிமாவையும் முற்றுகையிட்டபோது, இரயில் முனையாகிய திமாப்பூரிலிருந்து மலைமேற் செல்லும் சாலையில் தம் கம்பெனியோடு இருந்ததாக அவர் கூறினார். 1946-இல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். அவர் கேட்டது 'பர்மா நட்சத்திரம்' என்னும் பதக்கத்தை. உடன் பணியாற்றிய வேறொருவரின் மார்பில் அதனைக் கண்டிருக்கிறார். தமக்கு ஏன் வரவில்லை என்பது நாற்பது ஆண்டுகளாக அவர் மனத்தில் இருந்த கேள்வி. விடுவிப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். ஓலைப்பெட்டியில் வைத்திருந்ததைக் கறையான் அரித்துவிட்டது என்றார். ஆனால் தம் படை எண்ணை மட்டும் தடையின்றி ஒப்பித்தார்.

நான் உடனே எழுதத் தொடங்கினேன். மலைச்சாலையின் மழை, சேறு, பசி, மலேரியாக் காய்ச்சல், அவர்தம் நெஞ்சுறுதி ஆகிய எல்லாவற்றையும் நான்கு பக்கங்களில் உருக்கமாக எழுதினேன். எந்தக் கம்பெனி, எந்த மாதம், எந்த இடம், உடனிருந்தவர் யார் என்பவற்றை எழுதவில்லை. அவையெல்லாம் அலுவலகத்து ஏடுகளில் இருக்குமே என்று எண்ணினேன். இதுவே என் முதற் பிழை.

சில மாதங்கள் சென்றபின் மறுமொழி வந்தது. ஓய்வூதியம் இன்றி விலகிய வீரரின் சேவை ஏடுகள் இருபத்தைந்து ஆண்டுகள் மட்டுமே வைத்திருக்கப்படும். இவருடைய ஏடுகள் அக்காலம் கடந்தபின் விதிப்படி அழிக்கப்பட்டன என்பது அதன் சாரம். கணக்குப் பார்த்தேன். 1946-உடன் இருபத்தைந்து கூட்டினால் 1971. நாங்கள் மனுச் செய்ததோ 1983. பன்னிரண்டு ஆண்டுகள் பிந்திவிட்டோம்.

இதனைப் பகைமை என்று சொல்வதற்கில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இந்திய இராணுவத்தில் ஏறக்குறைய 25 லட்சம் பேர் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் போர் முடிந்ததும் வீடு திரும்பியவர்கள், ஓய்வூதியம் பெறாதவர்கள். அத்தனை பேருடைய கட்டுகளையும் என்றென்றும் காப்பது எளிதன்று. ஆயினும் இராணுவத்தில் நெடும்பட்டியல் என்று ஒன்று உண்டு. கட்டு அழிந்தாலும் அப்பட்டியலில் வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி நிலைத்திருக்கும். இதனை ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் எனக்குச் சொன்னார். படை எண்ணைக் குறித்து மீண்டும் எழுதினோம். ஒரு வரி வந்தது: பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த நாள், விலகிய நாள். முதியவர் தாளைக் கண்ணருகே பிடித்து, தம் தந்தையின் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

சேவை உறுதியாயிற்று, பதக்கம் உறுதியாகவில்லை. காரணம் கேளுங்கள். பர்மா நட்சத்திரம் போர்க்காலத்தில் பணிசெய்த அனைவர்க்கும் உரியதன்று. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை பர்மாப் போர்க்களத்தில் பணியாற்றியவர்க்கே அது உரியது. வங்காளமும் அஸ்ஸாமும் ஒரு காலம்வரை முழுமையாகக் கணக்கில் வந்தன. 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தோ பிரம்மபுத்திரா நதியை ஒட்டி வகுக்கப்பட்ட ஒரு கோட்டுக்குக் கிழக்கே இருந்தவர்க்கே உரிமை. ஆகவே, 'இவர் படைவீரரா?' என்பதன்று கேள்வி. 'இன்ன நாளில் இவர் எங்கே இருந்தார்?' என்பதே கேள்வி. அந்த ஒரு வரியில் இடம் குறிக்கப்படவில்லை.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். போரில் வீழ்ந்த மறவனுக்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம், கல்லைக் காண்பது தொடங்கி வாழ்த்துவது ஈறாகப் படிப்படியாக வகுத்துக் கூறுகிறது. 2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் பட்டவனுக்கு உரியது. சில சொற்களே அதில் உள. ஆயினும் ஆள் இன்னார், ஊர் இன்னது, நிகழ்ச்சி இன்னது என்பன அவற்றுள் அடங்கிவிட்டன. என் நான்கு பக்க மனுவில் இல்லாத தெளிவு அச்சிறு கல்லில் இருந்தது!

பதக்கத்துக்காகக் காத்திருந்தவர் உடன்குடி முதியவர் ஒருவரே அல்லர். 1803 முதல் 1826 வரை நடந்த போர்களில் ஈடுபட்டவர்க்கென ஆங்கிலேயர் ஒரு பதக்கத்தை 1851-இல்தான் அறிவித்தனர். 1803-இல் அசாயே களத்தில் நின்ற சென்னைப் படைச் சிப்பாய் அதற்கு நாற்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டும். அதுவும் அன்று உயிரோடிருந்தவர்க்கே கிடைக்கும். எழுத்தறியாது எங்கோ ஒரு சிற்றூரில் முதுமையடைந்த சிப்பாய்க்கு அவ்வறிவிப்பு எட்டுவது எத்துணை அரிது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மீண்டும் நம் கதைக்கு வருவோம். இடத்துக்குச் சான்று வேண்டும். முதல் நாளிலேயே முதியவர், தம் கம்பெனியில் இருந்த இருவர் குலசேகரன்பட்டினத்திலும் மெய்ஞ்ஞானபுரத்திலும் வாழ்வதாகச் சொல்லியிருந்தார். அவர்களிடம் வாக்குமூலம் பெறவேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சைக்கிளில் அவ்வூர்களுக்குச் சென்றேன். இருவரும் காலமாகியிருந்தனர். இது என் இரண்டாவது பிழை. இதற்குப் பரிகாரம் இல்லை.

எஞ்சியது ஒரே வழி. முதியவரின் அயலூர் நண்பர் ஒருவர் அதே கம்பெனியில் இருந்து 1944-இல் மலைச்சாலையில் உயிர்நீத்தவர். கொஹிமாவில் போர்க் கல்லறைத் தோட்டம் உண்டு. அங்கே, எரியூட்டப்பெற்ற இந்து, சீக்கிய வீரர் 917 பேருக்கு ஒரு நினைவுச் சின்னமும் உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அப்பெயர்களைப் பதிவேட்டில் காத்து வருகிறது. அங்கு எழுதிக் கேட்டோம். நண்பரின் பெயரும், எண்ணும், கம்பெனியும், இறந்த நாளும் குறித்த பதிவு வந்து சேர்ந்தது. இறந்தவருக்கு ஏடு இருந்தது, உயிரோடிருந்தவருக்கு இல்லை.

அதனை இணைத்து மூன்றாம் முறை விண்ணப்பித்தோம். மறுமொழி சுருக்கமானது: நண்பர் அந்நாளில் அங்கிருந்தார் என்பதால் மனுதாரரும் அங்கிருந்தார் என்று கொள்வதற்கில்லை. எனக்குச் சினம் மூண்டது. பின்னர் ஆற அமர எண்ணிப் பார்த்தேன். ஒரு கம்பெனியில் உள்ளவர் விடுப்பிற் சென்றிருக்கலாம், மருத்துவமனையில் கிடந்திருக்கலாம். மறுமொழி கடுமையானது, ஆனால் அறிவுக்குப் புறம்பானதன்று. அவ்விடைவெளியைக் கடக்கப் பாலமாக அமைந்திருக்கக் கூடியவை, நான் வாங்கத் தவறிய இருவரின் வாக்குமூலங்களே.

பதக்கம் வரவில்லை. முதியவரோ கல்லறைப் பதிவின் படியை எடுத்துக்கொண்டு நண்பரின் ஊருக்குச் சென்றார். நானும் உடன் சென்றேன். அவ்வீட்டார்க்கு, அவர் போரில் இறந்தார் என்ற தந்திக்குமேல் ஒன்றும் தெரியாது. அவர் பெயர் தொலைவில் ஒரு மலைநகரில் பொறிக்கப்பட்டுள்ளது என்பதை அன்றுதான் அறிந்தனர். திரும்பும் வழியில் முதியவர், "எனக்கு வராட்டா போகுது, வாத்தியாரையா. அவன் பேரு கல்லுல இருக்கு" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

ஏடு இல்லாத சேவையை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் கேள்வியை நம் நாட்டுச் சட்டமும் எதிர்கொண்டது. அதே போரின் மறுபுறத்தில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் நின்றது. மலேயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த தமிழர் பலர் அதில் சேர்ந்தனர். அதன் ஏடுகளிற் பல போரோடு மறைந்தன. 1972-இல் விடுதலை வெள்ளி விழாவின்போது தியாகிகளுக்குச் செப்புப் பட்டயமும் ஓய்வூதியமும் வழங்கப்பட்டன. 1980-இல் அத்திட்டம் விரிவாக்கப்பட்டது. சிறை ஏடு கிடைக்காதபோது உடன் சிறையிருந்தோர் தரும் சான்றை ஏற்க விதி இடம் தந்தது. காலங்கடந்து விண்ணப்பித்தார் என்பதற்காக ஒருவரைத் தள்ளுதல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தது. குற்ற வழக்கிற்போல ஐயத்துக்கு இடமில்லாத சான்று வேண்டியதில்லை, நடந்திருக்கக் கூடியது என்று அறிவு ஏற்கும் சான்றே போதும் என்று 2001-இல் கூறியது. போலிச் சான்றிதழ் காட்டியோரின் வழக்குகளும் நீதிமன்றங்களுக்கு வந்ததுண்டு. ஆகவே, கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பதும் முறையன்று. ஏடில்லை என்று கதவை அடைப்பதும் முறையன்று. ஒன்றையொன்று சாராத சான்றுகளைத் தேடி, அவை ஓரிடத்தில் கூடுகின்றனவா என்று பார்ப்பதே முறை. நீதிபதிக்கும் வரலாற்று ஆசிரியனுக்கும் இது பொது.

மாணவ நண்பர்களே, இரண்டாம் உலகப் போரில் பதினெட்டு வயதினராய் இருந்தோர் இன்று நூறு வயதை ஒட்டியவர். அவர்களுள் மிகச் சிலரே நம்மிடையே உள்ளனர். ஆனால் 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளில் எல்லையில் நின்றவரும், 1987 முதல் 1990 வரை இலங்கைக்குச் சென்ற அமைதிப் படையில் இருந்தவரும் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர்களிடம் செல்லுங்கள். வீரத்தை அவர்களே சொல்லுவார்கள். நீங்கள் எண்ணையும், படைப்பிரிவையும், இடத்தையும், நாளையும் கேட்டு எழுதுங்கள். உடனிருந்தவர் யார், அவர் இன்று எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். கேட்ட அந்த வாரமே அவரையும் போய்க் காணுங்கள். நான் இரண்டு ஆண்டுகள் தாழ்த்தினேன். நீங்கள் தாழ்த்த வேண்டா.