நீடாமங்கலம் ஆற்றுவெளியும் ஆழங்குறைந்த நீர்க்கலங்களும்: புணை, பரிசல், தோணி

முன்னுரை

தமிழர் கலவியல் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கடலை நோக்கியே அமைந்துள்ளன. நாவாய், வங்கம், திமில் ஆகியவை பெற்ற கவனத்தை, முழங்கால் அளவு நீரிலும் இடுப்பளவு நீரிலும் குடியானவர் தம் கையாலேயே கட்டி ஓட்டிய கலங்கள் பெறவில்லை. காவிரிப் படுகையின் உட்பகுதியில் உள்ள நீடாமங்கலத்தை மையமாகக் கொண்டு அத்தகைய கலங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்தனை ஆறுகள் ஓடும் நிலத்தில் நிலையான பலகைப் படகுப் போக்குவரத்து ஏன் பெரிதாக வளரவில்லை என்பதே இதன் அடிப்படை வினா.

நிலமும் நீரும்

கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகிறது. கோரையாறும் பாமணியாறும் தெற்கே சென்று முத்துப்பேட்டைக் காயலில் கலக்கின்றன. நிலப்படத்தை மட்டும் பார்ப்பவர் இதை ஒரு சிறந்த நீர்வழி என்றே கருதுவார். ஆனால் இவ்வாறுகள் ஆண்டு முழுதும் ஓடுவன அல்ல. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் ஜூன் 12இல் நீர் திறந்து ஜனவரி 28இல் அடைப்பது மரபாயிற்று. எஞ்சிய மாதங்களில் ஆறு மணற்பரப்பாகவே கிடக்கும். பலகைப் படகை நான்கு மாதம் வெயிலில் மணல்மேல் கிடத்தினால் மரம் சுருங்கிப் பொருத்துவாய்கள் விரியும். மறு ஆண்டு நீர் வரும்போது அதை மீண்டும் அடைத்துப் பூச வேண்டும். நீர் ஓடும் காலத்திலும் தலைப்புகளின் பலகைகளும் மதகுகளும் கலத்தை மறிக்கும். கோதாவரிக் கழிமுகக் கால்வாய்களில் படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும் ‘லாக்’ அமைப்புகள் கட்டப்பட்டன. வெண்ணாற்றுப் பாசனமோ வயலை மட்டுமே கருதியது.

இந்தியாவுக்கு இருப்புப்பாதையைவிடக் கப்பற்கால்வாய்களே ஏற்றவை என்று வாதிட்டவர் ஆர்தர் காட்டன். 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டுவித்தவரும் அவரே. அவருடைய வாதம் இங்கு எடுபடவில்லை. 1861இல் நாகப்பட்டினம் – தஞ்சாவூர் இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது அது நீடாமங்கலம் வழியாகவே சென்றது. பிரதாபசிங் மன்னரின் துணைவி யமுனாம்பாள் பெயரால் அமைந்த சத்திரமும் இவ்வூர் தரைவழிப் பயணிகளின் தங்கலாக இருந்ததையே காட்டுகிறது.

இலக்கியமும் சாசனமும்

இதனால் உள்நாட்டு நீர்வழியே இல்லாதிருந்தது எனக் கொள்ளலாகாது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, உப்பை விற்று நெல்லை ஏற்றி மீண்ட பஃறிகளைக் காட்டுகிறது. அவை கட்டுத்தறியில் நிற்கும் குதிரைகளைப்போல் வரிசையாகப் பிணிக்கப்பட்டிருந்தன. உப்பு விளையும் கழியும் நெல் விளையும் வயலும் சிறுகலங்களால் இணைந்திருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பரணர் பாடிய அகநானூறு 6ஆம் பாடல் காவிரிப் புதுப்புனலில் வேழக்கோலால் ஆகிய புணையைத் தழுவி ஆடுவதைக் குறிக்கிறது. முன்னது வாணிகத்துக்குரிய கலம். பின்னது கரையில் கிடைத்ததைக் கட்டிக்கொள்வது. படுகையின் உட்பகுதிக்குப் பின்னதே பொருந்தியது என்பது இக்கட்டுரையின் துணிபு.

சோழர் செப்பேடுகளின் வரிப் பட்டியலில் ‘ஓடக்கூலி’ இடம்பெறுகிறது. துறையும் ஓடமும் வருவாய்க்குரியனவாக இருந்தமையை அது உணர்த்தும். கூலி வாங்காத கலம் பட்டியலில் ஏறாது. வெள்ளத்தில் ஒருவன் தன் கொல்லை வாழையை வெட்டிக் கட்டிய தெப்பத்துக்கு எந்த அரசும் வரி விதித்ததில்லை. ஆகவே எந்தச் சாசனமும் அதைப் பேச வேண்டிய தேவையும் எழவில்லை.

கட்டுமானமும் செலுத்துமுறையும்

வாழைத் தெப்பத்துக்குக் குலை ஈன்று முடிந்த மரங்களே போதும். தண்டுகளை அடியும் நுனியும் மாற்றிமாற்றி அடுக்கி, கூராக்கிய மூங்கிற்கழிகளைக் குறுக்கே ஊடுருவச் செலுத்தி, மேலே கயிற்றால் வரிந்து கட்டுவர். வாழை மட்டையின் காற்றறைகளே அதை மிதக்க வைக்கின்றன. அவ்வறைகளில் நீர் ஏற ஏறத் தெப்பம் தாழும். சில நாள்களே அதன் வாழ்நாள். வெள்ளமும் ஏறத்தாழ அவ்வளவே நிற்கும் என்பதால் அது குறையன்று. செலுத்துவதற்கு நீண்ட மூங்கிற்கழி ஒன்றே கருவி; தரையில் ஊன்றித் தள்ள வேண்டும். துடுப்பைவிடக் கழி இங்கு ஏற்றது, ஏனெனில் ஆழத்தையும் அதுவே அளந்து சொல்லும்.

பரிசல் இதனினும் நுட்பமானது. காவிரியின் மேற்பகுதியில், ஒகேனக்கல்லிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும், இன்றும் அது தொழிற்கலமாக உள்ளது. பிளந்த மூங்கிற் பத்தைகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நடுவில் கல் ஏற்றி அழுத்தி, ஓரங்களை மேலே வளைத்து விளிம்பை வளையமாகக் கட்டுவர். முன்பு மேலே மாட்டுத்தோல் போர்த்தினர். இப்போது நெகிழித்தாளும் தாரும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. கணக்கிட்டுப் பார்த்தால் அதன் வடிவத்தின் சிறப்பு விளங்கும். 2 மீட்டர் விட்டமுள்ள வட்ட அடிப்பரப்பு ஏறத்தாழ 3.14 சதுர மீட்டர். அது 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் சுமார் 314 கிலோ எடையைத் தாங்கும். விளிம்பு வளைவைக் கழித்தாலும் நால்வரை ஏற்றிய பரிசலுக்கு ஒரு சாண் நீர் போதும். முன்னும் பின்னும் இல்லாத கலம் ஆதலால் ஓட்டுபவர் முன்புறம் இருந்து நீரைத் தம்மை நோக்கி இழுக்கிறார். ஒரே பக்கம் வலித்தால் சுழலும். விசயநகரத்தில் ஆனெகுந்திக்கு மக்களைக் கடத்திய கூடைபோன்ற தோற்கலங்கள் நேரே செல்லாமல் சுழல்வதை 16ஆம் நூற்றாண்டில் தொமிங்கோ பாயிசு குறித்துள்ளார். பாபிலோனுக்கு ஆற்றோடு வந்த தோற்கலங்களில் கழுதையும் ஏறி வந்தது, சரக்கு விற்றபின் கலத்தைப் பிரித்துத் தோலை அக்கழுதைமேல் ஏற்றி ஊர் திரும்பினர் என்கிறார் எரோடோட்டசு. நீரோட்டத்தை எதிர்த்து ஏற முடியாத கலத்துக்கு இதுவே தீர்வு. ஒகேனக்கல்லில் பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து மேலேறுவதும் அதே தீர்வின் இன்னொரு வடிவம்.

தென்னிந்தியக் கலங்களை முறையாக ஆராய்ந்தவர் சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல். அவருடைய 1920ஆம் ஆண்டு ஆய்வும், டைகிரிசு ஆற்றுப் பரிசல்களையும் தென்னிந்தியப் பரிசல்களையும் ஒப்பிட்ட 1938ஆம் ஆண்டுக் கட்டுரையும் இத்துறையின் அடித்தளங்கள். கலத்தின் வடிவை இனப்பரவலுக்குச் சான்றாக்கும் அவர் போக்கு இன்று ஏற்கத்தக்கதன்று. நீரின் ஆழம், ஓடும் காலம், கரையில் விளையும் பொருள் ஆகிய மூன்றுமே வடிவை முதலில் தீர்மானிக்கின்றன. மூங்கிலும் வாழையும் விளையும் படுகையில் தெப்பம் தோன்றுவதற்கு வெளித்தொடர்பு எதுவும் தேவையில்லை.

தெப்பம் கோயிலிலும் நிலைத்தது. மன்னார்குடி அரித்திராநதியிலும் திருவாரூர்க் கமலாலயத்திலும் வெற்றுப் பீப்பாய்கள்மேல் கட்டப்படும் தெப்பம், கட்டிப் பயன்படுத்திப் பிரித்துவிடும் அதே மரபைச் சார்ந்தது.

காயலில் நிலைமை வேறு. முத்துப்பேட்டையில் நீர் வற்றுவதில்லை, ஆழமும் பெரும்பாலும் ஒரு மீட்டரளவே; ஆகவே நிலையான தோணி அங்கு வாழ்ந்தது. அதன் இடத்தை இன்று கண்ணாடியிழைப் படகு பிடித்துவருகிறது. 2018 நவம்பர் 16இல் கரையைக் கடந்த கஜா புயல் அங்குள்ள அலையாத்திக் காட்டையும் சிதைத்தது. அருங்காட்சியகம் தோணியையும் பரிசலையும் காக்கலாம். வாழைத் தெப்பத்தைக் காக்க இயலாது. கட்டத் தெரிந்தவர் இருக்கும்போதே கட்டச் சொல்லி, ஒவ்வொரு நிலையையும் அளந்து, உறுப்புகளின் வழக்குப்பெயர்களோடு வரைந்து வைப்பதே அதற்குரிய ஆவணமுறை.